அக்கா படித்த எண்கள்

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் கெர்னல் சார் என்றுதான் சொல்வோம். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்ததும் முதலில் எழுந்து, மற்ற நிரல்களுக்கெல்லாம் இடமும் நேரமும் பிரித்துக் கொடுக்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். எங்கள் கெர்னலை ஒற்றை ஆளாக எழுதியவர் அவர். வாசல் காவலாளிக்கு இதெல்லாம் தெரியாது. பட்டாளத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நினைத்துக்கொண்டு தினமும் காலையில் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். ஒருநாள் தைரியம் வந்து, "எந்த எல்லையில சார் இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். சார் கொஞ்சம் யோசித்து, "மெமரி எல்லையில" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் சல்யூட்டில் இன்னும் கொஞ்சம் விறைப்பு கூடியது.

மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை ஆட்டிவைக்கிற எலெக்ட்ரானிக் போர்டுகளைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே டெஸ்டிங்கில் இருக்கிறேன். புது போர்டு வந்தால் அதைச் சூடாக்கி, குலுக்கி, திடீரென்று கரண்டைப் பிடுங்கி, மறுபடி கொடுத்து, எப்போது உயிரை விடுகிறது என்று பார்ப்பது என் வேலை. உயிரை விட்டால் அதைத் தூக்கிக்கொண்டு சாரிடம் போவேன். "இன்னைக்கு எப்படிக் கொன்ன?" என்று கேட்பார்.

அவருக்கு உறவு என்று இருந்தது அக்கா ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து தம்பியைப் படிக்க வைத்தார். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "தம்பி இருக்கான்னு நான் தப்பிச்சேன், அக்கா இருக்கான்னு அவன் தப்பிச்சான்" என்பார் அக்கா. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. சண்டை போடவும் அதுவே போதுமானதாக இருந்தது.

சாருக்குக் கண்ணில் ஒரு நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், மேஜையில் இருக்கும் டீயைத் தட்டிவிடுவார். கவனமில்லாத மனுஷன் என்று நினைத்தேன். பிறகு ஸ்கிரீனில் ஒரு சமயத்துக்கு ஒரு சொல்தான் தெரியும் என்ற நிலை வந்தது. கோழி தீனி பொறுக்குவதுபோலத் தலையை அசைத்து அசைத்துப் படிப்பார். அப்புறம் அந்த ஒரு சொல்லும் புகை மூடிப்போயிற்று.

டைப் அடிப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. விரல்களுக்கு எல்லாம் மனப்பாடம். எழுதியதைக் காதில் படித்துச் சொல்லும் மென்பொருளும் வாங்கிக் கொடுத்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் போர்டை நடுவில் நிறுத்தி, அதன் மெமரியில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு டீபக்கர் என்று ஒரு கருவி உண்டு. ஸ்கிரீனில் அதன் ஜன்னலில் எண்கள்கூட எழுத்தாக இல்லாமல் படமாக வரைந்திருக்கும். பேசுகிற மென்பொருள் அந்த ஜன்னலுக்கு வந்தால் ஊமையாகிவிடும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மாறி மாறிப் படித்தோம். சும்மா எண்ணாக இருந்தால் பரவாயில்லை. மெமரியின் எண்களில் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் கலந்து வரும். வரிசையாகச் சைபர் வந்தால் ஒன்றைக் கூட்டிவிடுவோம், இல்லை குறைத்துவிடுவோம். "நீங்கல்லாம் சைபர முழுங்கிடறீங்கம்மா. பசிச்சா கேன்டீனுக்குப் போங்க" என்பார். கோபம் இல்லாமல்தான் சொல்வார். ஆனால் நாங்கள் எழுந்து போனபிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா ஓய்வு பெற்ற வருஷம் அது. ஒரு சாயங்காலம் தம்பியை அழைத்துப் போக வந்தவர், நான் திணறித் திணறிப் படிப்பதைப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "தள்ளு பொண்ணே" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டபுள் எஃப், டபுள் எஃப், எட்டு, ட்ரிபிள் சைபர்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடுத்த வரி?"

"டபுள் எஃப், டபுள் எஃப், எட்டு, சைபர், நாலு, சைபர்."

வாழ்நாள் முழுக்க நம்பர் சொன்ன வாய். ஒரே வேகம், ஒரே ஏற்ற இறக்கம். எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே ஒரு சின்ன இடைவெளி. கேட்கிறவனுக்கு எழுதிக்கொள்ள நேரம் கொடுத்துப் படிப்பார். அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மேனேஜரே அக்காவுக்கு ஒரு விசிட்டர் அட்டை கொடுத்தார். விசிட்டர் அட்டையோடு தினமும் ஆபீசுக்கு வந்த ஒரே ஆள் அக்காதான். கொஞ்ச நாளில் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா ஆகிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் புது போர்டு வந்தது. பழைய போர்டில் ஒரே ஒரு ப்ராசஸர். யோசிக்கிற மூளை ஒன்றுதான், மெமரி முழுக்க அதற்கே. புதியதில் நாலு. நாலும் ஒரே கெர்னலைத்தான் ஓட்டும். ஆனால் தான் இப்போது என்ன வேலையில் இருக்கிறோம் என்று குறித்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் இடம் வேண்டும். நிரலில் 'என் இடம்' என்று ஒரே ஓர் அட்ரஸ்தான் எழுதியிருக்கும். அந்த அட்ரஸ் முதல் ப்ராசஸரை மெமரியின் ஒரு பக்கத்துக்கும், இரண்டாவதை வேறொரு பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்த அட்ரஸ் எந்தப் பக்கம் என்று சொல்கிற மேப்பை ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனியாகப் போட்டுக் கொடுப்பது கெர்னலின் பொறுப்பு, அதாவது சாரின் பொறுப்பு.

சார் இதைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. அக்காதான் புரிய வைத்தார்.

"எங்க ஆஸ்பத்திரியில எந்த மாடியில இருந்து ஒம்பதை அழுத்தினாலும் அந்த மாடி நர்ஸ் மேஜையில மணி அடிக்கும். நம்பர் ஒண்ணுதான், மேஜை வேற வேற. அவ்ளோதாம்மா விஷயம். இதுக்குப் போய் இவன் மாசக்கணக்கா தலைய பிச்சிக்கிறான்."

"அக்கா, அந்த ஒயரை எல்லாம் யாரோ ஒருத்தன் இழுத்திருப்பான்ல? அந்த ஒருத்தன் நான்" என்றார் சார்.

போர்டு எழுந்து நன்றாகத்தான் ஓடியது. நாலு ப்ராசஸரும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். பிறகு, காரணமே இல்லாமல், பாதி அட்டையில் மாத்திரையோடு இயந்திரம் நின்றுபோகும். சில நாள் காலையிலேயே நிற்கும், சில நாள் சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். என்ன செய்தால் நிற்கும் என்று கண்டுபிடிக்க முடியாத கோளாறுதான் எங்கள் தொழிலில் மோசமான கோளாறு. ஒரு ப்ராசஸர் இன்னொன்றின் இடத்தில் போய் எழுதுகிறது என்பதுவரை சாருக்குத் தெரிந்துவிட்டது. எப்படிப் போகிறது என்பதுதான் தெரியவில்லை.

ஒருநாள் நான் செத்த போர்டோடு அவர் மேஜைக்குப் போனபோது இரண்டு பேரும் மும்முரமாக இருந்தார்கள்.

"ரெண்டாவது ப்ராசஸரோட மேப்ல அந்தக் கடைசி வரி, அக்கா."

"மூணு, எஃப், டபுள் ரெண்டு, ட்ரிபிள் சைபர்."

"மூணாவதுக்கு?"

"மூணு, எஃப், டபுள் ரெண்டு, ட்ரிபிள் சைபர்."

"நாலாவது?"

"அதேதான்டா. முதல் ப்ராசஸர்ல இருந்து ஒரே நம்பர எத்தன தடவ படிக்கச் சொல்லுவ?"

சார் மேஜையை ஓங்கித் தட்டினார். டீ கொட்டியது. "நாலுக்கும் ஒரே நம்பரா? அக்கா, நாலுக்கும் ஒரே நம்பரா?"

விஷயம் இதுதான். மேப் என்பது ஒரே தாள் இல்லை. ஒரு பெரிய தாள், அது கைகாட்டுகிற சின்னத் தாள்கள் என்று அடுக்காக இருக்கும். சார் பெரிய தாளை ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு நகல் எடுத்திருந்தார். அந்த நகல்கள் எல்லாமே ஒரே சின்னத் தாளைக் கைகாட்டிக்கொண்டிருந்தன. அதனால் மூன்றாவதற்காக எழுதியது இரண்டாவதன் வழியையும் மாற்றிவிட்டது. போன வழியை ப்ராசஸர் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும், அதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஞாபகம் போய் மறுபடி மேப்பைப் புரட்டும்போது அடுத்தவன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"நாலு மாடிக்கும் ஒரே நர்ஸ் மேஜைய வெச்சிருக்கடா மடையா" என்றார் அக்கா. சார் எழுந்து அவர் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். ஆபீசே கைதட்டியது.

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் சின்னத் தாளையும் தனியாகக் கொடுத்து அன்றைக்கே திருத்தி எழுதினார். நான் போர்டை எடுத்துக்கொண்டு போய் ஓடவிட்டேன். நிற்கவில்லை. சூடாக்கினேன், குலுக்கினேன், நிற்கவில்லை.

ஆனால் சார் அப்படிச் சும்மா விடுகிறவர் இல்லை. நாலு மேப்பும் சரியாக விழுந்திருக்கிறதா என்று டீபக்கரில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். அக்கா படித்தார். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் வந்த எண் அந்த போர்டில் இல்லவே இல்லாத மெமரி. "மறுபடி படி" என்றார். வேறு எண் வந்தது. இன்னொரு தடவை கேட்டார். அது இரண்டாவதன் எண்ணாகவே இருந்தது.

அங்கே தொடங்கியது அந்தக் கொடுமை. டீபக்கர் போர்டை நிறுத்தித்தான் காட்டும். நிறுத்தி வைத்த போர்டில் எண் எப்படி மாறும்? அப்படியானால் ஏதோ ஒரு ப்ராசஸர் நிற்காமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, மேப்பின் மேலேயே கிறுக்குகிறது என்று முடிவுக்கு வந்தார். மற்ற ப்ராசஸர்களை எழுப்புகிற வரிசையை மாற்றினார். மெமரியை எடுத்துக் கொடுக்கும் பகுதியை, பழைய போர்டில் வருஷக்கணக்கில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியதை, கலைத்துப் புதிதாக எழுதினார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அக்கா படிப்பார். ஒவ்வொரு தடவையும் எண் தப்பாக வரும்.

"சார், போர்டு நிக்காம ஓடுது சார். ஒரு பிரச்சினையும் இல்ல" என்று நான் போய்ச் சொன்னேன்.

"இன்னைக்கு ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போற மாத்திரைம்மா. நம்பர் தப்பா இருக்கும்போது ஓடுறது அதிர்ஷ்டம்."

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சவரம் செய்துகொள்ளவில்லை. காவலாளியின் சல்யூட்டுக்குத் தலையாட்டவும் மறந்துபோனார். அக்காவும் இளைத்துப்போயிருந்தார். எப்போதும் யாரையாவது வம்புக்கு இழுக்கிறவர், பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் கேன்டீனில் என்னிடம் "அந்தக் கதவ எடு" என்றார், எதிரே இருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு. மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஒருநாள் சார் அவரைப் பார்த்து, "ஒழுங்காத்தான் பாத்து படிக்கிறியா?" என்று குரல் உயர்த்தினார். உடனே, "இல்ல, நீ என்ன பண்ணுவ, இருக்கறதத்தானே படிப்ப" என்று தன்னையே அடக்கிக்கொண்டார்.

அந்த போர்டு எனக்குத் திரும்பவும் தேவைப்பட்டது. கேட்கப் போனேன். அக்கா படித்துக்கொண்டிருந்தார், நான் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஸ்கிரீன் எனக்கு நேராகத் தெரிந்தது.

திரையில் 3F25000 என்று இருந்தது.

"மூணு, எஃப், ரெண்டு, ஒம்பது, ட்ரிபிள் சைபர்" என்றார் அக்கா.

நான்தான் வரி மாறிப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். அக்காவின் விரல் திரையில் அந்த வரிக்கு நேராகவே இருந்தது. சார் அடுத்த வரி என்றார். 3F28000. "மூணு, எஃப், டபுள் ரெண்டு" என்று தொடங்கி அக்கா நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, விரல் தானாகக் கீழே இறங்கியது.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளியே வர்றீங்களா?" என்றேன்.

கைகழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். தண்ணீர் சத்தத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"பாத்துட்டியா?"

"எத்தன நாளா அக்கா?"

"கண்ணு சரியாத்தாம்மா இருக்கு. அஞ்சுன்னுதான் தெரியுது. மனசுலயும் அஞ்சுதான். வாயத் திறந்தா ஒம்பதுன்னு வருது. முதல்ல களைப்புன்னு நெனச்சேன்."

"சார்கிட்ட சொல்லலையா?"

"என்னால படிக்க முடியலன்னு சொன்னா, அவன் கையில இருந்து இந்த வேலைய வாங்கி வேற யார்கிட்டயாவது குடுத்துடுவாங்க. அவனுக்கு வேற என்ன இருக்கு? நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னே போயிட்டேன்." முகத்தைக் கழுவிக்கொண்டார். "நான் சொல்றது தப்புன்னு எனக்கே கேக்குது பொண்ணே. சரியா சொல்லிடலாம்னு மறுபடி வாயத் திறந்தா இன்னொண்ணு வருது. அவன் பாவம், அதையும் குறிச்சுக்கிறான்."

"வாங்க அக்கா, இப்பவே சொல்லிடலாம். டாக்டர்கிட்ட போகணும்."

"நீ சொல்லு. நான் சொன்னா அதுவும் மாறி வந்துடப் போகுது" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "சார், இந்தத் தடவ நான் படிக்கிறேன்" என்று நாலு மேப்பிலும் இருந்ததைப் படித்தேன். அக்கா மாதிரியே டபுள், ட்ரிபிள் என்று சொல்லிப் படித்தேன். நாலும் வேறு வேறு எண், ஒழுங்காக ஒன்றுக்கடுத்து ஒன்று. சாரின் முகம் மலர்ந்தது.

"சரியா இருக்கே! நாலும் சரியா இருக்கே! எப்பம்மா மாறிச்சு?"

"மாறவே இல்ல சார்." ஸ்கிரீனை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். "நீங்க திருத்தின அன்னைல இருந்து இப்படியேதான் இருந்திருக்கும். மெஷின்ல ஒண்ணும் தப்பில்ல."

அவர் விரல்கள் கீபோர்டின் மேல் அசையாமல் கிடந்தன. அவருக்குப் புரிவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப்போல ஒன்றை இனி நான் பார்க்கக் கூடாது.

"அக்கா எங்க?"

"இங்கதான்டா இருக்கேன்."

"நம்ம வீட்டு போன் நம்பர் சொல்லு."

அக்கா நிமிர்ந்து நின்றார். முதல் மூன்று எண்கள் அதே பழைய குரலில் தெளிவாக வந்தன. நாலாவதில் தடுக்கியது. "இல்ல, இரு" என்று மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை முதல் எண்ணே வேறு. மூன்றாவது தடவை வெறும் "டபுள், டபுள்" என்று மட்டும் வந்து நின்றது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தம்பிக்குத் தெரியாது என்பதால் துடைக்காமல் விட்டுவிட்டார்.

சார் மேஜையின் மேல் கையை நீட்டித் துழாவினார். அக்கா தன் கையை அதில் வைத்தார்.

"போதும்க்கா" என்றார்.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் சின்னச் சின்ன அடைப்புகள் என்று டாக்டர் படம் எடுத்து, கூடப் போயிருந்த எனக்குக் காட்டினார். மருந்து கொடுத்தார். பெரிதாக ஒன்று வரலாம், வராமலும் போகலாம் என்றார். வெளியே வரும் முன் சார் அவரிடம், "எண் மாற ஆரம்பிச்ச உடனே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டார். "அப்படி எல்லாம் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சார் தலையாட்டினார். ஆட்டோவில் வரும்போது அக்கா தெருவில் தெரிவதையெல்லாம் வழி முழுக்க அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிச் சொற்கள் மாறி வந்தன.

பெரிய அடைப்பு மழைக்காலத்தில் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முழுக்கப் போய், ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது. "லைன்ல இருங்க." ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, அது மட்டும் அழியாமல் நின்றது. பசித்தாலும் லைன்ல இருங்க, வலித்தாலும் லைன்ல இருங்க. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே எதற்குச் சொல்கிறார் என்று சார் கண்டுபிடித்துவிடுவார். "தண்ணி கேக்குறா", "முதுகு வலிக்குதாம்", "உன்ன உக்காரச் சொல்றா". பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கண் தெரியாதவர் கஞ்சி ஊட்டுவார், வாய் எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டுமே, அக்கா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியைத் தானே வாய்க்குக் கொண்டுபோவார். சிந்தினால் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது பால்கனியில் நின்று சார் என்னிடம் சொன்னார்:

"ப்ராசஸர் மேல சந்தேகப்பட்டேன். மெமரி மேல சந்தேகப்பட்டேன். நானே எழுதினது மேல சந்தேகப்பட்டேன். அவ சொன்னதுல சந்தேகமே வரலம்மா. கொஞ்சம் வந்திருந்தா, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

நான் காயப்போட்டிருந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அவரும் ஒன்றை எடுத்து மடித்தார்.

அக்கா அடுத்த கோடையில் போனார், தூக்கத்தில். ஆஸ்பத்திரியின் பழைய ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். முகத்தை வைத்து யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, குரலைத்தான் தெரியும் என்று ஒரு நர்ஸ் சொல்லி அழுதார்.

சார் வேலைக்குத் திரும்பினார். தடியைத் தட்டிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி வருவார். டீபக்கர் செய்கிறவர்களுக்கு மேனேஜர் எழுதி எழுதி, எண்களை எழுத்தாகவே தருகிற ஒரு வழியை வாங்கிக் கொடுத்தார். பேசும் மென்பொருள் அதைப் படித்தது. உணர்ச்சியில்லாத வேகக் குரல். அதை இன்னும் வேகமாக ஓடவிட்டுக் கேட்கப் பழகிக்கொண்டார். பக்கத்தில் நின்றால் எங்களுக்கு வண்டு பறக்கிற சத்தம்போல இருக்கும். அக்காவின் நாற்காலியை யாரோ மீட்டிங் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அவர் கேட்கவில்லை.

பிறகு எட்டு ப்ராசஸர் போர்டு வந்தது. மேனேஜர் அதை வேறு ஆளுக்குக் கொடுக்கத்தான் நினைத்தார். சார் போய், நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மெதுவாகத்தான் போனது. எட்டு மேப்பையும் ஒவ்வொரு தாளாக அடுக்கினார், எழுதினார், காதால் கேட்டார், மறுபடி எழுதினார். முதல் முறை கரண்ட் கொடுத்த நாளில் நான்தான் ஸ்விட்சைப் போட்டேன். ஒன்று, இரண்டு என்று எட்டும் எழுந்தன. நாள் கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தேன். எதுவும் எதன் இடத்திலும் போய் எழுதவில்லை. போய்ச் சொன்னேன்.

"எட்டுமா?"

"எட்டும் சார்."

"நல்லது" என்றார். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேஜை இழுப்பறையில் வைத்தார். சட்டைப்பையில் பஸ் பாஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்:

"வீட்டுல போய் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலம்மா."

நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தேன். அவருடைய பஸ் வந்தது. ஏறி, கம்பியைத் தடவி ஒரு இருக்கையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். நான் கையை ஆட்டினேன், பிறகுதான் அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று சத்தமாகச் சொன்னேன். குரல் வந்த பக்கம் திரும்பித் தலையாட்டினார். பஸ் போய்விட்டது.